அம்மாவின் கட்டைவிரல்

தாழ் போடாத வீடு – அத்தியாயம் 11

வெள்ளிக்கிழமை காலையில் மானசா தன் போனைப் போலீஸிடம் கொடுத்துவிட்டாள். அதைத் திறக்கும் பாஸ்கோடை மட்டும் கொடுக்கவில்லை.

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் மாடிப்படியில் அண்டை வீட்டார் எல்லோரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "நோட்டீஸில் போனைத்தான் கேட்டிருக்கிறீர்கள், இந்தாருங்கள்" என்று இந்தியில் சொல்லிக் கொடுத்துவிட்டு, சீனியர் வக்கீலைப் பார்க்க சாகேத் கோர்ட்டுக்குக் கிளம்பிவிட்டாள். பாஸ்கோடைச் சொல்லும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் கோர்ட்டுகளுக்குள்ளேயே இன்னும் ஒரே பேச்சு இல்லை. அந்தச் சந்துக்குள்தான் மானசா நின்றுகொண்டிருக்கிறாள்.

அவள் ஏன் இத்தனை பிடிவாதம் பிடிக்கிறாள் என்பது நமக்குத் தெரியும். அந்தப் போனுக்குள் பிரபா இருக்கிறாள். தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பை இடித்தபோது பெற்றோரோடு ஊர்க்கோடியிலிருக்கும் நரேலாவுக்குத் துரத்தப்பட்ட பெண். ஒரு பெரிய வீட்டில் தங்கி வேலை பார்த்தவள், இஸ்திரிப் பெட்டியால் கையில் சூடு வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டாள். சூடு வைத்தவர்களே முந்திக்கொண்டு, வளையலைத் திருடிவிட்டாள் என்று புகார் கொடுத்தார்கள். மானசா வேலை பார்க்கும் சட்ட உதவி மையம் முன்ஜாமீன் மனு போட்டிருக்கிறது. திங்கட்கிழமை அது விசாரணைக்கு வருகிறது. அதுவரை பிரபா யார் கையிலும் அகப்படக் கூடாது; அவளைத் தேடித்தான் போலீஸ் இந்தப் போனைக் கேட்கிறது.

மானசாவின் அப்பா பெரியண்ணனுக்கு இதெல்லாம் துளியும் பிடிக்கவில்லை.

பெரியண்ணன் ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். சீக்கிரமே ஓய்வு பெறப் போகிறவர். நாமக்கல்லிலிருந்து டெல்லிக்கு வந்த நாளாக அவர் சொல்லிவரும் பேச்சு ஒன்று உண்டு. "என்ற வீட்டுல ஒளிவு மறைவுங்கறதே கெடையாதுங்க." இதைக் கேட்காத ஆள் அந்தக் காலனியில் கிடையாது. அந்த வீட்டில் பாத்ரூமைத் தவிர எந்தக் கதவுக்கும் தாழ் போடக் கூடாது. மகள் காலேஜில் சேர்ந்து முதல் போன் வாங்கியபோதும் ஒரு சட்டம் போட்டார். போனைப் பூட்டிக்கொள்ளலாம், ஆனால் அதில் அம்மாவின் கட்டைவிரலும் பதிந்திருக்க வேண்டும். தன் போனிலும் அப்படியே செய்துகொண்டார். மனிதர் நியாயஸ்தர்தான். நியாயஸ்தரோடு குடும்பம் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

ஆனால் அவர் மனைவி காந்திமதிக்கு இந்தச் சட்டம் மட்டும் பிடித்திருந்தது. போன் மாற்றும்போதெல்லாம் மகள் அடுக்களைக்கு வந்து, "அம்மா, விரல் குடு" என்று கேட்பாள். காந்திமதி கையைத் துடைத்துக்கொண்டு நீட்டுவாள். அந்தப் போன்களை அவள் ஒரு நாளும் நோண்டிப் பார்த்ததில்லை. தான் தொட்டால் திறக்கும் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

அன்றைக்குப் பெரியண்ணனைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு யாரும் கூப்பிடவில்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தானாகவே போனார். மகள் பெயர் கெட்டுவிடும், போய் நாலு நல்ல வார்த்தை பேசிவிட்டு வரலாம் என்பது அவர் எண்ணம்.

சப்-இன்ஸ்பெக்டர் மரியாதை தெரிந்த ஆள். நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார், பேச்சுக்குப் பேச்சு 'சார்' போட்டார். இந்த மாதிரி ஆளிடம்தான் நாம் அதிகம் உளறுவோம்.

"இந்தப் போனை உடைப்பது லேசில்லை சார்" என்றார் அவர் இந்தியில். "உள்ளே இருப்பதெல்லாம் கலைத்துப் போட்ட எழுத்து. பூட்டைத் திறந்தால்தான் ஒழுங்காகச் சேரும். லேபுக்கு அனுப்பினால் எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது. உங்கள் பெண் நல்ல பெண்தான். ஆனால் உண்மையை மறைக்கிறாள் என்று நான் ஃபைலில் எழுத வேண்டியிருக்கும்."

மறைக்கிறாள் என்ற அந்த ஒரு வார்த்தையைப் பெரியண்ணனால் தாங்க முடியவில்லை. கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"மறைக்கிற குடும்பம் இல்லை சார் எங்களுடையது" என்றார் அவரும் இந்தியில். "எங்கள் வீட்டில் எல்லோருடைய போனிலும் என் மனைவியின் கைரேகை இருக்கும். சந்தேகம் இருந்தால் கேட்டுப் பாருங்கள்."

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து பார்த்தார். போன் இன்னும் அணையாமல்தான் இருந்தது. காலையில் இருந்த பதற்றத்தில் மானசா அதை அணைத்துக் கொடுக்க மறந்திருந்தாள்.

"அச்சா" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "அப்படியானால் மேடத்தை ஜல்தி கூட்டி வாருங்கள். போன் அணைந்துபோனால் விரல் செல்லாது, பாஸ்கோடைத்தான் கேட்கும்."

காந்திமதி இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். பெரியண்ணன் வாசலில் நின்றபடியே, "பாப்பா போன் விசியமா ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வந்தரலாம் வா. நீ ஒருக்கா கை வெச்சாப் போதும்" என்றார்.

ஆட்டோவில் ஏறிய பிறகுதான் அவளுக்குக் கேட்கத் தோன்றியது. "ஏனுங்க, பாப்பாகிட்டக் கேட்டுட்டீங்களா?"

"பாப்பா நல்லதுக்குத்தானே பண்றது. அந்த வக்கீலுக சொல்றதக் கேட்டுப்போட்டு அவ கண்டபடி ஆடறா. அதுல ஒண்ணும் இல்லைன்னு காட்டிப்போட்டா அதோட தீந்துச்சு."

காந்திமதி அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும், நமக்கும் தெரியும்.

ஸ்டேஷனில் ஒரு பெண் கான்ஸ்டபிள் போனை மேஜைமேல் வைத்தாள். காந்திமதி கட்டைவிரலை வைத்தாள். போன் ஒரு தரம் அதிர்ந்து அடங்கியது. திறக்கவில்லை. மறுபடியும் வைத்தாள். அப்போதும் திறக்கவில்லை.

"வேறு விரலாக இருக்குமோ மாதாஜி?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

காந்திமதிக்கு முகம் சூடாகிவிட்டது. வேறு விரல் இல்லை, இதே விரல்தான். பாப்பா தன்னை எடுத்துவிட்டாளோ என்று நினைத்தாள். எப்போது எடுத்தாள், ஏன் எடுத்தாள், தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அந்த நாற்காலியிலேயே மனம் அலைந்தது. புருஷன் தன்னைப் பார்ப்பது தெரிந்தது. அந்தக் கான்ஸ்டபிள் பெண்கூட, மகள் நம்பாத தாய் இவள் என்று பார்ப்பது போலத் தோன்றியது.

மாவில் ஊறிய விரல் நசநசவென்று இருந்தது. முந்தானையில் அழுத்தித் துடைத்தாள். யாரும் அவள் கையைப் பிடிக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. அவளாகவே விரலை நேராக வைத்து அழுத்தினாள்.

போன் திறந்தது.

அந்த நொடியில் காந்திமதிக்கு வந்தது பயமில்லை, குற்ற உணர்வும் இல்லை. சந்தோஷம். பாப்பா தன்னை எடுக்கவில்லை என்ற சந்தோஷத்தில் கணவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தும்விட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பு கூசுகிறது.

சப்-இன்ஸ்பெக்டர் வாட்ஸ்அப்பில் தேடிப் பிரபாவைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் பிரபா எதையும் எழுதவில்லை. எல்லாமே குரல் பதிவு, எல்லாமே தமிழ். இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனைப் பெரியண்ணன் பக்கம் நகர்த்தினார்.

"உங்கள் ஊர் பாஷை சார். என்ன சொல்கிறாள்?"

பெரியண்ணன் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கேட்பதற்குக் கண்ணாடி எதற்கு என்று கேட்காதீர்கள். அரசாங்கம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் அவருக்குக் கண்ணாடி போட்டாக வேண்டும்.

"அக்கா, கையில புண்ணு ஆறிட்டு வருதுக்கா" என்றது அந்தச் சின்னக் குரல்.

"கையில் இருந்த காயம் ஆறி வருகிறதாம்" என்றார் பெரியண்ணன் இந்தியில்.

"மலைக்கோயில்ல பூ விக்கிற சந்திரம்மா அத்தை வூட்லதான் இருக்கேன். பகல்ல வெளிய தலை காட்றதில்லக்கா."

"மலை மந்திரில் பூ விற்கும் சந்திரம்மாள் என்ற பெண்ணின் வீட்டில் தங்கியிருக்கிறாள். பகலில் வெளியே வருவதில்லை."

"யாராண்டயும் சொல்லிடாதக்கா. உன்ன நம்பித்தான் இருக்கேன்."

"இதை யாரிடமும் தெரிவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறாள்."

ஒரு வார்த்தை கூடவில்லை, ஒரு வார்த்தை குறையவில்லை. அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் அவரும் காந்திமதியும் மட்டும்தான். 'குரல் சரியாகக் கேட்கவில்லை' என்று சொல்லியிருந்தால் மறுத்துப் பேச ஆளில்லை. அந்த மனிதருக்கு அது தோன்றவே இல்லை. கடைசி வாக்கியத்தைச் சொல்லி முடித்த பிறகுதான் அவர் வாய் நின்றது. கண்ணாடியைக் கழற்றினார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பூக்காரியின் வீடு எங்கே?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

பெரியண்ணன் மனைவியைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் அவள். சந்திரம்மாளிடம்தான் பூ வாங்குவாள். பக்கத்திலிருக்கும் முனிர்காவில் ஒரு சந்துக்குள் இருக்கும் அவள் வீட்டுக்கும் போயிருக்கிறாள்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள் காந்திமதி.

கதவை அகலத் திறந்து விட்டுவிட்டு ஜன்னலைச் சாத்துகிற கதைதான். ஆனாலும் சொன்னாள்.

சப்-இன்ஸ்பெக்டர் அவசரப்படவில்லை. "பரவாயில்லை. சாயங்காலம் கோயில் திறந்ததும் பூக்காரி அங்கே வந்துதானே ஆக வேண்டும்" என்றார். மறுபடியும் டீ வேண்டுமா என்று கேட்டார்.

திரும்பி வந்து வீட்டுப் படியேறும்போது கீழ்வீட்டு அம்மாள், "எங்கே, ஜோடியாக வெளியே போய்விட்டு வருகிறீர்களா?" என்று சிரித்தாள். காந்திமதி காது கேட்காதவள் போல மேலே ஏறிவிட்டாள்.

"பாப்பாகிட்டச் சொல்லோணுங்க. அந்தப் புள்ளைய வேற எடத்துக்கு மாத்தோணும்" என்றாள் உள்ளே வந்ததும்.

பெரியண்ணன் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "சொல்றேன். போலீஸ்ல ஏதோ மெஷின் வெச்சுத் தொறந்துபோட்டாங்கன்னு சொல்லிக்கலாம். நம்ம பேரு எதுக்கு?"

ஒளிவு மறைவே இல்லாத வீடு. காந்திமதி அவரை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அவள் பார்வையைத் தவிர்த்தது அன்றைக்குத்தான்.

மூன்று மணிவாக்கில் மானசா வந்தாள். பையைச் சோபாவில் போட்டுவிட்டுத் தண்ணீர் கேட்டாள். பெரியண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தப் பொய்யைச் சொல்லி முடித்தார். மெஷின், லேப், ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது, பிரபா இருக்கிற இடம் தெரிந்துவிட்டதாம் என்று கோர்வையாகவே சொன்னார்.

மானசா சந்தேகப்படவே இல்லை. அப்பா பொய் சொல்வார் என்று நினைக்கப் பழகாத பெண் அவள். தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரே மத்தியானத்துலயாப்பா? மத்லப், அதாவது... அது எப்படி? லேப்ல போட்டாலே மாசக்கணக்காகும்னு சீனியர் சொன்னாங்க." சட்டென்று எழுந்தாள். "அப்ப எங்க ஆபீஸ்ல யாரோட போனும் சேஃப் இல்ல. இன்னும் நிறையப் பொண்ணுங்க இருக்காங்கப்பா, அவங்க அட்ரஸ் எல்லாம் எங்க போன்லதான். எல்லாரையும் இன்னைக்கே மாத்தணும். அம்மா, உன் போனைக் குடு."

காந்திமதி போனைக் கையில் வைத்திருந்தாள். கொடுக்கவில்லை.

"அம்மா, ஜல்தி."

"மெஷினெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு."

"என்ன?"

"நாந்தான் தொறந்தேன். ஸ்டேஷனுக்குப் போயி, என்ற வெரல வெச்சு."

மானசா அம்மாவைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் காந்திமதிக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"ஆபீஸ்ல சொன்னாங்க" என்றாள் மானசா மெல்ல. "அம்மா விரலை எடுத்துடுன்னு ஒவ்வொரு மீட்டிங்லயும் சொன்னாங்க. எடுத்துட்டேன்னு நான் பொய் சொல்லி வெச்சிருந்தேன். நீ என்னைக்காவது தொட்டுப் பாத்துத் தொறக்கலைன்னா கஷ்டப்படுவியேன்னு..." மேலே சொல்ல வராமல் நிறுத்திக்கொண்டாள். "அந்தப் பொண்ணுகிட்ட நான் என்னம்மா சொல்வேன்? என் தப்புதான்."

அப்புறம் அவளுக்கு இன்னொன்று உறைத்தது.

"பிரபா தமிழ்லதானே பேசுவா. அது அவங்களுக்கு எப்படிப் புரிஞ்சுது?"



"நாந்தான் சாமி" என்றார் பெரியண்ணன். "கேட்டாங்க, சொன்னேன். வேற மாதிரி சொல்லியிருக்கலாம்னு எனக்கு அப்பத் தோணலை."

அவர் அழுவாரோ என்று காந்திமதிக்குப் பயமாக இருந்தது. அவர் அழவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே சிறுத்துப்போனவர் போல இருந்தார்.

மானசா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "சந்திரம்மா ஆன்ட்டி நம்பர் என் போன்லதான் இருக்கு. எனக்கு மனப்பாடமா எதுவும் தெரியாது. வீடும் தெரியாது, யாராவது பின்னாலயே வருவாங்கன்னு நான் போனதே இல்ல."

"எனக்குத் தெரியும். நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் காந்திமதி. "அஞ்சு மணிக்குக் கோயில் தொறந்துருவாங்க. போலீஸ்காரங்க அங்கதான் நிப்பாங்க. அதுக்குள்ள போயிரோணும்."

"நீ வேண்டாம்மா. வழி மட்டும் சொல்லு."

"அந்தச் சந்துல வழி சொல்லிக் கண்டுபுடிக்க முடியாது சாமி. அந்தப் புள்ளைகிட்ட நாந்தான் சொல்லோணும்."

"என்னன்னு சொல்லுவ? போலீஸ் கையைப் புடிச்சு வெச்சாங்கன்னு சொல்லுவியா?"

காந்திமதி செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம். கேட்க யாருமில்லை. அவள் மனசுக்குள் மட்டும்தான் இருக்கிறது.

"யாரும் கையப் புடிக்கலை. மொத ரெண்டு தடவ தொறக்கலை கண்ணு. அப்பவே எந்திரிச்சு வந்திருக்கலாம். நீ என்னைய எடுத்துப்போட்டியோன்னுதான் எனக்குத் தோணுச்சு. வெரலத் தொடச்சுத் தொடச்சு வெச்சேன். தொறந்ததும்..." வாய் கோணியது. "தொறந்ததும் எனக்கு சந்தோசமா இருந்துச்சு. அங்க உக்காந்துக்கிட்டு நான் சிரிச்சேன்."

மானசா கதவில் சாய்ந்து நின்றாள். கோபப்படுவதற்கும் அவளுக்கு இப்போது இடமில்லாமல் போயிற்று. கடைசியில் அம்மாவின் சால்வையை ஆணியிலிருந்து எடுத்து அவள் தோளில் போட்டாள்.

"வா. நேரமாச்சு."

அவர்கள் படியிறங்கும் சத்தம் ஓய்ந்த சிறிது நேரத்தில் பெரியண்ணனின் போன் அடித்தது. ஸ்டேஷன் நம்பர். இரண்டு தடவை அடிக்கவிட்டு எடுத்தார்.

"சார், ஒரு சின்ன உதவி" என்றார் சப்-இன்ஸ்பெக்டர் அதே மரியாதையோடு. "கோயில் வாசலில் பூக்காரிகள் நிறையப் பேர் உட்கார்ந்திருப்பார்களாம். மாதாஜி வந்து அடையாளம் மட்டும் காட்டினால் போதும். வண்டி அனுப்பட்டுமா?"

ஜன்னல் வழியாகக் கீழே தெரு தெரிந்தது. தாயும் மகளும் முனிர்கா பக்கம் திரும்பும் ரோட்டில் வேகமாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். காந்திமதியால் மகள் நடைக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. மானசா நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவள் வீட்டில் இல்லை சார்" என்றார் பெரியண்ணன்.

அது உண்மைதான். அதனால் சுலபமாகச் சொல்லிவிட்டார்.

"அச்சா" என்றது அந்தக் குரல். "எங்கே போயிருக்கிறார்கள்?"

பெரியண்ணன் வாயைத் திறந்தார். போலீஸ்காரர் பொறுமையாகக் காத்திருந்தார். அதிகாரிகளிடம் தனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதை வாழ்நாளெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்ட மனிதர், முதல் தடவையாக அதற்காக வெட்கப்பட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்றார்.